இயலாதவர் எவர்?

"இயலாதவர்" என்றொரு சொல்! எவரால் இயலாது, எது இயலாது, அதை முடிவு கட்டியவர் எவர்? கேட்டுப் பார்த்திருக்கிறோமா, தோழர்களே?

தென்காசியை அடுத்திருக்கிறது குத்துக்கல்வலசை. வேலைவெட்டி இல்லாதவனைக் "குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்" என்று ஏசுவது நம் பேச்சு வழக்கு. (ஊர்ப்பெயருக்கு அந்தப் பொருள் அல்ல, அவ்வூர்த் தோழர்கள் கோபிக்க வேண்டாம்!) அப்படி ஏசுவோரை ஆய்க்குடிக்கு அழைத்துச் செல்லலாம், தொலைவில்லை. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்றார் பொறியியல் மாணவர் இராமகிருஷ்ணன். உடற்திறன் சோதனையிலே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஏசுவோர் கணக்கில் குத்துக்கல்! அந்தக் குத்துக்கல்தான் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவியது. தமக்கு மருத்துவம் பார்த்த அமர்ஜித் சிங் சகாலின் பெயரையே அதற்குச் சூட்டினார். நடக்கவியலாப் பிள்ளைகளுக்குப் பள்ளி, பயிற்சி, தொழில் அங்கே கிடைத்தன. 2020-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

இது உடலின் கதை. சட்டம் செய்யும் முடக்கம் வேறு. அதற்கு விபத்து வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். சித்தம் தெளிந்தவனே உடன்படிக்கை செய்யலாம் என்றது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஆயினும், கலங்கியவன் தெளிந்திருக்கும் வேளையில் செய்தால் அது செல்லும் என்று அந்த வெள்ளைக்காரன் சட்டமே சொல்லிற்று. நம் வீடுகளில் நடப்பதென்ன? தம்பிக்குப் புத்தி சரியில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அவன் பங்கு நிலம் அண்ணன் கைக்கு! தெளிந்து வந்து கேட்டாலும், "உனக்கென்னடா தெரியும்?"

ஒரிசாவில் தொழுநோயுற்ற ஒருவரை மக்கள் வாக்களித்து நகராட்சிக்கு அனுப்பினர். சட்டம் தடுக்கிறதென்று பதவி பறிக்கப்பட்டது. 2008-இல் உச்சநீதிமன்றமும் அதைச் சரி என்றது. நோயைக் குணமாக்கும் மருந்து வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகு!

2016-ஆம் ஆண்டுச் சட்டம் காற்றைத் திருப்பிற்று. மாற்றுத்திறனாளிக்கு மற்றவரோடு சமமான சட்டத்தகுதி உண்டு என்கிறது 13-ஆவது பிரிவு. வரம்புக்குட்பட்ட காப்பாளர், உரியவரோடு கூடியே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. 2025 ஏப்ரலில், ஊராட்சிதோறும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சிற்றூராட்சிகளில் மட்டும் 12,913 இடங்கள்!

குத்துக்கல்வலசைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதற்குரியவர் சக்கர நாற்காலியில் வந்தால், அலுவலக வாசலில் சாய்தளம் இருக்குமா, படிக்கட்டு மட்டும் இருக்குமா? கிளைத் தோழர்கள் இன்று மாலையே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.