உயிரியல் சோதனையும் அளவைப் பிழையும்

மும்பைக்கு வடகிழக்கே, மத்திய இரயில்வேப் பாதையில் அமைந்துள்ள டோம்பிவிலியின் தொழிற்பேட்டையில் சாயப் பொருள்களும், மருந்துத் தயாரிப்புக்கு வேண்டிய இடைநிலை இரசாயனங்களும் உற்பத்தியாகின்றன. இத்தகைய தொழிற்சாலையின் சோதனைச்சாலையில் ஓர் அமிலத்தின் தூய்மையை அளக்க விரும்பும் இரசாயனி, அதன் மாதிரியை நிறுத்துக் கரைத்து, வலிமை தெரிந்த மற்றொரு கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாகச் சேர்க்கிறார். அதே மாதிரியை வேறொருவர் மறுநாள் சோதித்தாலும் இரு விடைகளுக்கும் இடையே நூற்றில் ஒரு பங்கு வேற்றுமைகூட இருப்பதில்லை. இருக்குமாயின் யாரோ ஒருவரின் கை தவறிவிட்டது என்பதே முடிவு.

டோம்பிவிலியிலிருந்து இரயிலில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் பரேல் வரும். 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது தொடங்கப்பெற்று, 1899இல் கவர்னரின் பழைய மாளிகைக்கு மாற்றப்பட்டு, 1925 முதல் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வழங்கும் ஆராய்ச்சி நிலையம் அங்குள்ளது. தடுப்பு மருந்துகளும் பாம்புக்கடி எதிர்மருந்தும் இந்நிலையத்தின் வரலாற்றோடு பிணைந்தவை. எதிர்மருந்தின் வீரியத்தைப் பியூரெட்டினால் அளத்தல் இயலாது. குறிப்பிட்ட அளவு நஞ்சுடன் வெவ்வேறு அளவு எதிர்மருந்தைக் கலந்து, சுண்டெலிகளுக்குச் செலுத்தி, பிழைத்தவை எத்தனை, மடிந்தவை எத்தனை என்று எண்ணுதலே வழி. இங்கு இரு சோதனைகள் நூற்றில் ஒரு பங்கு வரை ஒத்துவரும் என்று எதிர்பார்ப்பவர் எவருமில்லை. எலிக்கு எலி உடல்வாகு வேறு. உயிருள்ளதை அளவுகோலாகக் கொண்டால் அந்த அளவுகோலே நீண்டும் குறுகியும் போகும்.

உயிரியல் சோதனை எனப்படும் இம்முறையில் கிடைக்கும் எண்களைக் கொண்டே இன்று கணிப்பொறிகள் புதிய மருந்துகளைத் தேடுகின்றன. அந்த எண்களில் எவ்வளவு பிழை மறைந்துள்ளது, அப்பிழை கணக்கிற்குள் புகுந்தால் நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முயலும் நியமப் பொருளும்

1920களில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் வீரியம் முயலைக் கொண்டு அளக்கப்பட்டது. பட்டினியிருந்த முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறித்த அளவுக்குத் தாழ்த்தும் இன்சுலினே ஓர் அலகு எனக் கொள்ளப்பட்டது. முயல்களோ இனத்துக்கு இனம், தீனிக்குத் தீனி, பருவத்துக்குப் பருவம் மாறுபட்டன. எனவே ஒரு நகரத்து அலகு மற்றொரு நகரத்து அலகுக்கு நிகராக இல்லை. இன்சுலின் சற்று மிகுந்தாலும் நோயாளி மயங்கி விழுவார். குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து.

இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பதில் இலண்டனைச் சேர்ந்த ஸர் ஹென்றி டேல் முன்னின்றார். தூய இன்சுலின் ஒரு தொகுதி சர்வதேச நியமப் பொருளாக வைக்கப்பட்டது. ஒவ்வொரு சோதனைச்சாலையும் தன் மருந்தை நியமப் பொருளோடு அருகருகே, அதே நாளில், அதே கூட்டத்து முயல்களில் சோதிக்க வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. முயல்கள் மாறினாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறுவதில்லை. தனித்து நிற்கும் எண்ணை நம்பாது ஒப்பீட்டை நம்புக என்பதே உயிரியல் சோதனை கற்ற முதற் பாடம்.

இரண்டாம் பாடத்தை 1927இல் டிரெவன் என்ற ஆங்கில விஞ்ஞானி அளித்தார். கூட்டத்தின் மிக மெலிந்த பிராணியையோ மிக வலிய பிராணியையோ வைத்து அளந்தால் விடை தற்செயலுக்கு இரையாகும். சரிபாதிப் பிராணிகளைப் பாதிக்கும் அளவே உறுதியாகக் கணிக்கத் தக்கது என்று அவர் நிறுவினார். 'பாதி விளைவு' என்னும் இக்கருத்து இன்றும் மருந்தியலில் ஆட்சி செலுத்துகிறது.

நம் நாட்டில் 1930-31இல் கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, சந்தையிலிருந்த மருந்துகளின் தரக்கேட்டை வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1937இல் கல்கத்தாவில் உயிர்வேதி நியமச் சோதனைச்சாலை தோன்றியது. 1940இல் மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது.

இருவகைப் பிழைகள்

பிழைகளைத் தற்செயற் பிழை, ஒருபக்கப் பிழை என இரு வகுப்பாகப் பிரிக்கலாம். தற்செயற் பிழை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டும். சோதனையைப் பலமுறை செய்து சராசரி கண்டால் அது தேய்ந்துவிடும். ஒருபக்கப் பிழையோ என்றும் ஒரே திசையில் இழுக்கும். தராசின் ஒரு தட்டு கனத்திருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் விடை திருந்தாது.

பாம்புக்கடி எதிர்மருந்தையே காண்போம். ஒரு மில்லிலிட்டர் மருந்து நாகத்தின் நஞ்சிலும் கண்ணாடி விரியனின் நஞ்சிலும் 0.6 மில்லிகிராம் வீதமும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சில் 0.45 மில்லிகிராம் வீதமும் முறிக்க வேண்டும் என்பது இந்திய நியமம். தயாரிப்புக்கான நஞ்சின் பெரும்பகுதியை மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கம் அளித்து வந்துள்ளது. ஆனால் ஒரே இனப் பாம்பாயினும் பிரதேசத்துக்குப் பிரதேசம் நஞ்சின் சேர்க்கை மாறுகிறது என்பதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் உள்ளிட்டோர் அண்மை ஆண்டுகளில் காட்டியுள்ளனர். தெற்கத்திய நஞ்சைக் கொண்டு செய்த சோதனை எத்துணைத் துல்லியமாயினும், வடமேற்கில் கடியுண்ட உழவனுக்கு அம்மருந்து எவ்வளவு பயன்படும் என்பதை அது முழுமையாகக் கூறாது. எலிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் இக்குறை தீராது. பல வட்டாரங்களின் நஞ்சையும் சோதனையில் சேர்ப்பதே வழி.

கணிதப் படிமம்

1962இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கார்வின் ஹான்ஷ், ஜப்பானியரான டோஷியோ புஜிட்டா முதலியோருடன் ஒரு புதுவழி திறந்தார். ஒரு சேர்மம் நீரைவிட எண்ணெய்ப் பொருளில் எவ்வளவு எளிதாகக் கரைகிறது என்பது போன்ற பண்புகளை எண்ணாக்கி, அவற்றிற்கும் உயிரியல் விளைவுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதலாம் என்று அவர் காட்டினார். இதையே கணிதப் படிமம் என்கிறோம். அறிந்த நூறு சேர்மங்களின் வீரியத்தைக் கொண்டு, இன்னும் தயாரிக்கப்படாத சேர்மத்தின் வீரியத்தை ஊகிக்க அது முயல்கிறது. இன்று கணிப்பொறிகள் பல இலட்சம் அளவீடுகளைக் கொண்டு இவ்வேலையைச் செய்கின்றன. பிராணிகளுக்குப் பதிலாகத் தூய நொதியைக் கிண்ணத்தில் இட்டு, அதன் வேலையைப் பாதியாகக் குறைக்கும் மருந்துச் செறிவை அளப்பதே இப்போது பெருவழக்கு.

உயிருள்ள பிராணியை நீக்கிவிட்டதால் பிழையும் நீங்கிவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வாறில்லை. 2013இல் எக்கின்ஸ், ஒலெக்னோ, வில்லியம்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. காப்புரிமை ஆவணங்களில் வெளியாகியிருந்த ஒரு தொகுதிச் சேர்மங்களின் வீரியத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சேர்மங்களும் நொதியும் மாறாதிருக்க, கரைசலைக் கிண்ணத்துக்கு மாற்றிய முறை மட்டும் இரண்டாக இருந்தது. ஒன்று, பிளாஸ்டிக் முனையுள்ள பிப்பெட்டினால் படிப்படியாக நீர்த்து ஊற்றுதல். மற்றொன்று, ஒலியலையின் உந்துதலால் நுண்துளிகளை நேரே தெறிக்கச் செய்தல். இரு முறைகளிலும் கிடைத்த வீரியங்கள் ஒத்துவரவில்லை. சில சேர்மங்களில் வேற்றுமை சிறிது; ஒன்றிலோ அது நூறு மடங்கையும் கடந்தது.

காரணம் அறிவது கடினமன்று. நீரை வெறுக்கும் சேர்மங்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு படியிலும் சிறிது முனையிலேயே தங்க, கிண்ணத்தைச் சேர்வது கணக்கிட்டதைவிடக் குறைவாகும். எனவே வீரியமுள்ள சேர்மம் வீரியமற்றதுபோல் தோன்றும். இப்பிழை கணிதப் படிமத்தையும் மாற்றிவிட்டது. ஒலியலை முறை எண்களிலிருந்து எழுந்த படிமம், நீரை வெறுக்கும் பகுதிகள் மருந்துக்கு அவசியம் என்றது. பிப்பெட்டு முறை எண்களிலிருந்து எழுந்த படிமத்தில் அப்பகுதிகளுக்கு இடமே இல்லை. ஒரே கேள்விக்கு இரு விடைகள்! இரண்டாம் விடையை நம்பும் இரசாயனி எந்தப் பகுதியைக் கூட்ட வேண்டுமோ அதையே நீக்கத் தொடங்குவார்.

பிழைக்குரிய பிற வாயில்களும் உண்டு. சேர்மங்களைக் கரைத்து வைக்கும் டைமெதில் சல்பாக்சைடு என்னும் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. மும்பையின் ஆடி மாதக் காற்றில் மூடியை அடிக்கடி திறந்தால் கரைசல் நீர்த்துப்போகும். சேர்மம் வீழ்படிவாக இறங்குவதும் உண்டு.

எவ்வளவு பிழை?

உலகெங்கும் வெளியான அளவீடுகளைத் திரட்டி வைக்கும் பொதுக் களஞ்சியங்களில் ஒன்று செம்பிள் ஆகும். அதில் ஒரே சேர்மத்தை ஒரே புரதத்துடன் வெவ்வேறு சோதனைச்சாலைகள் அளந்த இடங்களைக் கிராமர் என்பவரும் துணைவர்களும் தேர்ந்தெடுத்து 2012இல் ஒப்பிட்டனர். பிணைப்பு வலிமையைக் குறிக்கும் தடை மாறிலியில், ஓர் அளவீட்டின் திட்ட விலக்கம் மடக்கை அளவில் 0.54 என்று கண்டனர். சாதாரண எண்ணில் இது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதாவது உண்மை மதிப்பு 100 எனில், மூன்றில் இரண்டு அளவீடுகள் 29க்கும் 350க்கும் இடையே விழும். எஞ்சியவை அதற்கும் அப்பால் செல்லும்.

இதன் விளைவை அவர்களே கணக்கிட்டனர். கணிப்பும் சோதனையும் முற்றிலும் ஒத்திருந்தால் ஒப்புமைக் குறியீடு 1 ஆகும். இத்தகைய கலப்பு எண்களைக் கொண்டு எழும் படிமம், எவ்வளவு திறமையாக அமைந்தாலும், ஏறத்தாழ 0.81ஐத் தாண்டுதல் அரிது. அதனினும் மேலான ஒப்புமையைக் காட்டும் படிமம், இயற்கையைக் கற்றதைவிடச் சோதனைச்சாலையின் பிழைகளை மனப்பாடம் செய்திருத்தல் கூடும்.

அவ்வாய்வு எழுத்துப் பிழைகளையும் வெளிப்படுத்தியது. மைக்ரோ என்பதை நானோ என்று படியெடுத்தால் ஒரே எழுத்தில் ஆயிரம் மடங்கு தவறு நேரும். ஒருவர் அளந்த எண்ணை மற்றொருவர் மேற்கோளாக எடுத்தாள, அது தனியொரு அளவீடாகக் களஞ்சியத்தில் ஏறுவதும் உண்டு. அப்போது இரு சாட்சிகள் ஒத்துரைப்பதுபோல் தோன்றும். உண்மையில் சாட்சி ஒருவரே.

மஞ்சள் தரும் எச்சரிக்கை

நம் நாட்டுப் பொருளொன்றே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், சோதனைச்சாலையில் எண்ணற்ற நொதிகளைத் தடுப்பதாக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. குர்குமின் நிறமுடையது, ஒளிர்வது. ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியை அது மருட்டும். பல புரதங்களோடு தேர்வின்றிப் பிணைவது. நீரில் விரைவில் சிதைவது. 2017இல் நெல்சன் என்ற அம்மையாரும் துணைவர்களும் இவற்றையெல்லாம் தொகுத்தாராய்ந்து, இருபுறமும் மறைத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய மருத்துவச் சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினர். மஞ்சள் உணவாகவும் கைமருந்தாகவும் நம் வீடுகளில் பெற்றுள்ள இடம் வேறு. கிண்ணத்தில் கிடைத்த எண் வேறு. இத்தகைய எண்களை ஆராயாது கணிப்பொறிக்கு ஊட்டினால், எந்நோய்க்கும் அது குர்குமினையே பரிந்துரைக்கும். அப்பரிந்துரையின் பின்னே செல்லும் பணமும் ஆண்டுகளும் காசநோய்க்கும் மலேரியாவுக்கும் மருந்து தேடுவதிலிருந்து பறிக்கப்பட்டவையாகும்.

காப்பு யாது?

பிழையை முற்றிலும் ஒழித்தல் இயலாது. அதனை அளந்து கூறுதல் இயலும். இத்துறையில் பேராசிரியர் மகலனோபிஸ் காட்டிய வழி நினைவு கூரத்தக்கது. 1937 முதல் வங்காளத்தில் சணற்பயிர்ப் பரப்பைக் கணக்கிட்ட இந்தியப் புள்ளியியல் நிலையத்தார், ஒரே வட்டாரத்தில் இரு தனித்தனி மாதிரிகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னியதுபோல் அமைத்து, இரு வேறு குழுவினரிடம் ஒப்படைத்தனர். இரு விடைகளின் வேற்றுமையே பிழையின் அளவைக் காட்டிக்கொடுத்தது. வயலில் பயன்பட்ட இவ்வுத்தி ஆராய்ச்சிச்சாலைக்கும் பொருந்தும். முக்கியமான சேர்மத்தை இருவர், இரு நாட்களில், இரு முறைகளில் அளக்கட்டும். ஒவ்வொரு கிண்ணத் தொகுதியிலும் நியமப் பொருள் ஒன்று உடனிருக்கட்டும். ஊற்றிய முறை, கரைசலின் வயது, வெப்பநிலை ஆகியவை எண்ணோடு சேர்த்துப் பதிவாகட்டும். விடையைத் தனியெண்ணாக எழுதாது, இந்த எல்லைக்குள் என்று எழுதும் வழக்கம் வேரூன்றட்டும்.

இவை செலவு மிகுந்தவை அல்ல. மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் ஒத்துவராத அளவீட்டை அடித்துவிடாமல், அதன் பக்கத்தில் தேதியும் சூழ்நிலையும் எழுதி வைப்பதிலிருந்து இப்பழக்கம் தொடங்குகிறது. கணிப்பொறியின் வேகம் ஆண்டுதோறும் வளர்கின்றது. அதற்கு ஊட்டப்படும் எண்ணின் தரமோ சோதனை மேசையருகே நிற்பவரின் கையிலும் நேர்மையிலுமே இருக்கின்றது.