காப்பகத்துக்கு ஒரு கைப்பிடி

கேட்பாரற்ற விலங்குகளுக்குக் காப்பகம் கட்ட ஊராரிடம் பணம் திரட்டுவோர் பெரும்பாலும் நிலத்தின் விலையையும் கூரை, சுற்றுச்சுவர் ஆகியவற்றின் செலவையும் மட்டுமே கணக்கிடுகின்றனர். திறப்புவிழாவுக்கு மறுநாளிலிருந்து தவிடு, புண்ணாக்கு, தடுப்பூசி, மருத்துவர் ஊதியம், கொட்டில் கழுவும் ஆளின் கூலி என்று ஓயாமல் வரும் செலவுக்கு வழி தேடியவர் சிலரே. இத்துறையில் நூற்றாண்டு கடந்து நிலைத்த அமைப்புகள் அந்த வழியை எங்கே கண்டன என்பது கவனிக்கத்தக்கது.

1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுமாறு ஆங்கிலேய அரசு பிறப்பித்த ஆணையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழ, கடைகள் அடைபட்டு நகரமே நிலைகுலைந்தது. அதன் தொடர்ச்சியாக, 1834இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் உள்ளிட்ட வணிகர்கள் அங்கே ஒரு பிஞ்சராப்போலை, அதாவது முதுமையாலும் நோயாலும் பயனற்றுப்போன விலங்குகளைச் சாகும்வரை பேணும் இல்லத்தை, நிறுவினர். அதை நிலைநிறுத்தியது பெருஞ்செல்வர் சிலரின் கொடை மட்டுமன்று. வணிகர்கள் தங்கள் கைவழியே போகும் சரக்கின்மீது தாங்களே விதித்துக்கொண்ட சிறு வரியும் அதற்குத் துணைநின்றது. இவ்வகை இல்லங்கள் வடக்கத்தி வணிகர்களோடு தெற்கேயும் பரவின. சென்னை அயனாவரத்தில் 1906இல் தோன்றிய மெட்ராஸ் பிஞ்சராப்போல் அவற்றுள் ஒன்று.

வணிகர்கள் தாங்களே சிறு வரி விதித்துக்கொள்ளும் இந்த முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சிவகாசி, விருதுநகர் ஆகிய ஊர்களின் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிச் சேர்த்த மகமையும், வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது நாள்தோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிக்கூடங்களையே நடத்தின. கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி இன்றும் பல சிற்றூர்களில் வழக்கில் உள்ளது. தொகை சிறிது, தவணை உறுதி, கொடுப்பவர் ஊரார், கணக்குக் கேட்பவரும் ஊரார் என்னும் இதன் கட்டமைப்பு, ஒரே நாளில் குவிந்து மறுமாதமே மறக்கப்படும் நன்கொடையைவிடக் காப்பகத்துக்குப் பொருத்தமானது.

எவ்வகைக் காப்பகம் என்பதைப் பொறுத்தே செலவும் அமையும். 1959இல் சென்னையில் விமானி வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் குடும்பத்தாரும் தொடங்கி, 1964இல் பதிவுபெற்ற புளூ கிராஸ் ஆஃப் இந்தியா, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையைத் தொடர்ந்து வலியுறுத்தியது; 1996இல் சென்னை மாநகராட்சியும் அவ்வழிக்குத் திரும்பத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடமே ஒப்படைத்துள்ளன. ஆகவே நாய்களுக்கான காப்பகம் பெரும்பாலும் காயம் ஆறும்வரை சில நாள் வைத்திருக்கும் மருத்துவமனையே. ஆயுள் முழுதும் தீனி வேண்டுவன கைவிடப்பட்ட மாடுகளும் ஊனமுற்ற விலங்குகளும்தாம். இவ்வேறுபாட்டை உணராமல், ஊரிலுள்ள நாய்களை எல்லாம் அடைத்துவைக்கலாம் என்று வாக்களித்து நிதி கேட்பது, கொடுப்பவரையும் ஏமாற்றி விலங்குகளையும் நெரிசலிலும் நோயிலும் தள்ளிவிடும்.

பழனிமலை அடிவாரத்துப் பேரூராட்சியாகிய கன்னிவாடியில் இக்கணக்கு சற்று மாறுபடும். வயலும் தோப்பும் முடியும் இடத்தில் காடு தொடங்குவதால், இத்தகைய ஊர்களின் நாய்கள் காட்டுக்குள் புகுந்து மானைத் துரத்துவதோடு, வெறிநோய், டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகளைக் காட்டு விலங்குகளுக்கும் கொண்டுசெல்லக்கூடும். வெறிநோயின் சங்கிலி அறுபட ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எனவே அடிவாரத்தில் திரட்டப்படும் பணத்தில் கட்டடத்துக்கு முன்பே தடுப்பூசி முகாமுக்கும் மருத்துவரின் வாகனத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது தகும். பேரூராட்சி தன் கடமையாகிய கருத்தடைச் செலவை ஏற்குமாறு செய்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் ஊராரிடம் கேட்பதே முறை. அரசு செய்யவேண்டியதை உண்டியலின்மேல் சுமத்த வேண்டியதில்லை.

பணம் வாங்குவதற்கு முன் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது முதற்படி. தனியொருவர் கணக்கில் குவியும் பொதுப்பணம் எவ்வளவு நேர்மையாகச் செலவானாலும் ஐயத்துக்கு இடமளிக்கும். வருமானவரித் துறையின் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குத் தருவோர், தாம் தேர்ந்த வரிமுறை இடமளித்தால், வரிக்கழிவு கோரலாம்; ஆயினும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடைக்காது. சந்தையில் ரொக்கமாகவே கொடுத்துப் பழகிய வியாபாரிகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.