அம்மா உடம்பில் மகள், மகன் உடம்பில் அப்பா

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் வாக்கர் என்றொரு குடும்பம். அம்மா ஜெஸ் கட்டட வடிவமைப்பாளர். அப்பா பில் பள்ளியில் இசை ஆசிரியர், சொந்தமாக ஓர் இசைக்குழுவும் உண்டு. மகள் சிசி கால்பந்து வீராங்கனை. மகன் வையட் படிப்பில் கெட்டி, யேல் பல்கலைக்கழக நேர்காணல் அவனுக்கு நெருங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோருமாகக் கிரிஃபித் வானாய்வகத்துக்குப் போகிறார்கள். கோள்கள் வரிசையாக நிற்கும் இரவு. அங்கே ஜோதிடம் சொல்லும் ஒரு பாட்டியம்மா, ரீட்டா மொரீனோ நடித்தது. மறுநாள் காலையில் கண்விழித்தால் அம்மா மகளின் உடம்பில் இருக்கிறாள், மகள் அம்மாவின் உடம்பில். அப்பாவும் மகனும் அப்படியே. போதாதென்று கைக்குழந்தையும் வீட்டு நாயும்கூட மாறிவிடுகின்றன. மெக்ஜி இயக்கி, 2023 நவம்பர் 30 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஃபேமிலி ஸ்விட்ச்’ இதுதான்.

இந்த வகைப் படத்தைப் பார்க்க உட்காரும் பலர் இருபதாவது நிமிடத்தில் ‘இப்போ இது யாரு?’ என்று கேட்டுக் களைத்துப்போகிறார்கள். ‘எப்படி மாறினார்கள்?’ என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடலாம். ஒரு படத்தில் சீன உணவகத்து பிஸ்கட், இன்னொன்றில் தொலைநோக்கி. மந்திரம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். யார் சொன்னதை யார் நம்பவில்லை என்று கேட்டால்தான் கதை பிடிபடும்.

இந்த வகையின் மூத்த கதையில் அது பளிச்சென்று இருக்கிறது. 1882இல் எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர் ‘வைஸ் வெர்சா’ என்று ஒரு நாவல் எழுதினார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, மகன் டிக் மறுபடி விடுதிப் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய மாலை. பையனுக்குப் போகவே மனசில்லை. தந்தை பல்டிடியூட் லண்டன் வியாபாரி. பள்ளிப் பருவம் போல ஆனந்தம் உண்டா, நானே உன்னைப்போல் மறுபடி சிறுவனாகிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று உபதேசம் செய்கிறார். அப்போது அவர் கையில் இருப்பது இந்தியாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ‘கருடக் கல்’. கேட்டது நடந்துவிடுகிறது. டிக் சும்மா இருப்பானா? அதே கல்லை வாங்கி அப்பாவின் உருவத்தைக் கேட்டுப் பெறுகிறான். பல்டிடியூட் வண்டியேறி அந்தப் பள்ளிக்குப் போகிறார். தலைமையாசிரியரின் கடுமை, சக பையன்களின் முரட்டுத்தனம் எல்லாம் அவர் மேல் விழுகின்றன. நான் உண்மையில் அப்பா என்று எடுத்துச் சொல்லப் பார்க்கிறார், கேட்பாரில்லை. மகன் சொன்னபோது அவர் கேட்டாரா என்ன!

நம் ஊரிலும் உடல் மாறும் கதைக்குப் பஞ்சமில்லை. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துபோக, பசுக்கள் கதறுவதைப் பொறுக்காமல் ஒரு யோகி அந்த உடலுக்குள் புகுந்தார், திருமூலரானார் என்கிறது பெரியபுராணம். ஆனால் அது ஒருவழிப் பயணம், கருணையால் தானே விரும்பிச் செய்தது. மூலனின் மனைவி வந்து அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டார். ஹாலிவுட் நகைச்சுவையில் யாரும் விரும்பிப் போவதில்லை, உறவை உதறவும் முடியாது. அடுத்தவர் வேலையைப் பார்த்து, அடுத்தவர் திட்டை வாங்கி, பிறகு வீடு திரும்பியாக வேண்டும்.

மேரி ராட்ஜர்ஸ் 1972இல் எழுதிய ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ நாவலில் தந்தையும் மகனும் போய்த் தாயும் மகளும் வந்தார்கள். 1976இல் அது படமானது, மகளாகச் சிறுமி ஜோடி ஃபாஸ்டர். 2003இல் மறுபடி வந்தபோது அம்மாவாக ஜேமி லீ கர்டிஸ், மகளாக லிண்ட்சே லோஹன். அந்த 2003 படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி உண்டு. ஆங்கில வாத்தியார் வேண்டுமென்றே என்னை ஃபெயிலாக்குகிறார் என்று மகள் புலம்பியிருப்பாள், அம்மா ஏற்றிருக்க மாட்டாள். இப்போது அம்மாவே மகளின் உடம்பில் அந்த வகுப்பில் இருக்கிறாள். நன்றாகப் பதில் சொல்லியும் ஃபெயில்தான். பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது: இந்த மனிதர் தன்னோடு பள்ளியில் படித்தவர், அந்நாளில் நடன விருந்துக்கு அழைத்துத் தன்னிடம் மறுப்பு வாங்கியவர், அந்தக் கோபத்தைத் தன் பெண்மேல் தீர்த்துக்கொள்கிறார்! மகள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சிரிப்புப் படத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இனி, யார் யாருக்குள் என்ற சிக்கல். அதற்கு வழி முதல் கால்மணி நேரத்தில் இருக்கிறது. மாறுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் எப்படி நிற்கிறார்கள், எதற்குத் தோளைக் குலுக்குகிறார்கள், எப்படிப் பேச்சை இழுக்கிறார்கள் என்று பாருங்கள். பின்னால் நடிகர்கள் கடன் வாங்கப்போவது அதைத்தான். ஜேமி லீ கர்டிஸ் கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாக வந்தவர். ஆனால் அவர் சோபாவில் காலைத் தூக்கிப்போட்டு உட்காரும்போது பதினைந்து வயசுப் பெண்தான் தெரிகிறாள். மறுபக்கம் லோஹனிடம் உளவியல் நிபுணரான அம்மாவின் நிமிர்ந்த முதுகு. மேடையில் கிட்டாரை ஏந்தி நிற்பது வாசிக்கத் தெரியாத அம்மா, திரைக்குப் பின்னால் அம்மாவின் விரல்களால் உண்மையில் வாசிப்பது மகள்! இரண்டு பேரை இவ்வளவு நுட்பமாகப் பின்தொடரலாம். ‘ஃபேமிலி ஸ்விட்ச்’ நான்கு பேரையும் ஒரு கைக்குழந்தையையும் நாயையும் சுமக்கிறது, அதனால் யாரிடமும் நெடுநேரம் நிற்பதில்லை. அம்மாவின் ஆன்மா இருக்கும் பெண்ணாக எம்மா மையர்ஸ் மட்டும் அந்தப் பரபரப்பிலும் தனித்துத் தெரிகிறார். அம்மா ஜெஸ்ஸாக நடித்த ஜெனிஃபர் கார்னருக்கு இது புதிதல்ல. 2004இல் ‘13 கோயிங் ஆன் 30’ படத்தில் பதின்மூன்று வயசுச் சிறுமியாகப் பெரியவள் உடம்பில் வாழ்ந்து காட்டியவர்.

கிறிஸ்துமஸ் எதற்கு? வீட்டில் இருக்கிற அத்தனை பேரின் கெடுவும் அந்தச் சில நாட்களில்தான் வந்து விழுகிறது. அலுவலகத்தின் ஆண்டு முடிவு, பள்ளிப் பருவத் தேர்வு, கச்சேரி, விருந்து. வெளியூருக்கு ஓடவும் முடியாது, எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஒரே இரவில் மனசு மாறுவதை அங்கே யாரும் காரணம் கேட்பதும் இல்லை. 1843இல் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ எழுதி, ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனை விடிவதற்குள் திருத்திக் காட்டியதிலிருந்து அந்தப் பண்டிகைக் கதைகளுக்கு இந்தச் சலுகை உண்டு.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு பார்ப்பதாயிருந்தால் 2003 ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’யை முதலில் போடுங்கள், ‘ஃபேமிலி ஸ்விட்ச்’ மறுநாளைக்கு இருக்கட்டும். இரண்டு பேர் மாறுவதைப் பழகிக்கொண்ட கண்ணுக்கு நான்கு பேர் மாறுவது குழப்பமாக இருக்காது.