உக்கிராணத்துக்குள் போகாத ஊசி

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இரைப்பைப் புற்றுநோய்க்கு ஊசி போட்டதில் வயிற்றுக் கட்டி சுருங்கிவிட்டது. மூளையில் புதிதாகக் கட்டி வந்திருக்கிறது. அதே மருந்து அங்கே ஏன் பலிக்கவில்லை?”

இரைப்பைப் புற்றுநோய் மூளைக்குப் போவது அபூர்வம். நூறில் ஒருவருக்கும் குறைவு. ஹெர்2 புரதம் மிகுந்த வகையில் சற்று அதிகம். அந்த வகைக்குத்தான் ட்ராஸ்டுஸுமாப் ஊசி.

மூளையைக் கல்யாண வீட்டு உக்கிராண அறையாகவும், அதன் ரத்தத் தந்துகிகளை அந்த அறையின் சுவராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற உறுப்புகளில் தந்துகிச் செல்களுக்கிடையே இடுக்கு உண்டு. இங்கே சந்துகூடக் கிடையாது. குளுக்கோஸ் வீட்டு மனுஷர், அவருக்குத் தனி வாசல். கொழுப்பில் கரையும் குட்டி மருந்துகள் சுவர் வழியே நழுவப் பார்த்தால், பி-கிளைகோபுரோட்டீன் என்ற உக்கிராணக்காரர் கழுத்தைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளுவார். கேட்டுக்கேள்வி இல்லை, பல கீமோ மருந்துகள் இவரிடம்தான் தோற்கின்றன. ட்ராஸ்டுஸுமாப் இன்னும் பாவம். குளுக்கோஸைப்போல 800 மடங்கு எடை. வாசலில் நுழையாத அண்டா. கட்டி வளர்ந்தால் சுவர் விரிசல் விடும், ஆனால் சீராக அல்ல. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் இந்த மருந்தை அளந்தபோது, ரத்தத்தில் இருந்ததில் 420-இல் ஒரு பங்கே மூளைத் தண்டுவட நீரில் இருந்தது. கதிர்வீச்சுக்குப் பின் 76-இல் ஒரு பங்கு!

வரலாறு வேண்டுமென்றால்: 1885-இல் ஜெர்மன் விஞ்ஞானி எர்லிக் ரத்தத்தில் செலுத்திய சாயம் மூளையை மட்டும் தொடவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காது என்றே நினைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் தண்டுவட நீரில் சாயம் ஏற்றினார், மூளை நீலமானது. தடுத்தது சுவர்தான்.

கதிருக்கு வாசல் தேவையில்லை. அதனால் ஒன்றிரண்டு கட்டிகள் என்றால் அறுவையோ குறிபார்த்த கதிர்வீச்சோதான் முதல் வழி. கட்டிகள் ஏராளம் என்றால் முழு மூளைக்கும் கதிர். அதற்கு விலை ஞாபகசக்தி.

‘மூளைக்குள்ளும் பாயும் அதிசய மருந்து’ என்று செய்தி வரும் ட்ராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டெகான், மார்பகப் புற்றின் மூளைக் கட்டிகளை உண்மையிலேயே சுருக்கியிருக்கிறது. இரைப்பைப் புற்றுக்கும் 2021-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது; ஆனால் இரைப்பையிலிருந்து மூளைக்குப் போன கட்டிக்குச் சான்று தனிநபர் அனுபவங்கள் அளவில்தான். தலைப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும்: இரைப்பைப் புற்றுநோயாளி வாந்தி எடுத்தால் வயிற்றின்மேல் பழி போடுவது எளிது. கூடவே புதுத் தலைவலியோ தடுமாற்றமோ இருந்தால், மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. பற்றி அன்றே கேளுங்கள்.