பழைய கார் நின்ற இடத்தில் குலுங்குவது ஏன்?

லாரிகளுக்கு பாடி கட்டுவதில் பெயர் பெற்றது நாமக்கல். ஆகவே பட்டறை ஓசை நமக்குப் புதிதன்று. நெடுங்காலம் வாடகைக் காராக ஓடிய அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆயினும் அதைப் பேணுவோர் இன்றும் உண்டு. அத்தகைய பழைய பெட்ரோல் கார், நிற்கும்போது குலுங்கி அணைந்து போவது ஏன்?

அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். 1, 3, 4, 2 என்ற வரிசையில் தீப்பொறி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் எஞ்சின் நொண்டும். மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். வேகத்தில் மறைந்திருக்கும் இக்குறை, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வெளிப்படும்.

சிலர் கார்புரேட்டர் திருகை முடுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவர். கார் அணையாது; நோயும் தீராது; பெட்ரோல்தான் வீணாகும்.

முதலில் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே மெக்கானிக், ரப்பர் பிடியுள்ள குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் குறை. அதன் பிளக்கில் படிந்த கரியை நீக்கி, இடைவெளியைச் சுமார் 0.6 மில்லிமீட்டராக வைப்பார். நான்கிலும் ஓசை மாறினால், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

அடுத்தது காற்று. கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட் கிழிந்திருந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை கெடும். பிறகு கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். திருகைத் தொடுவது கடைசியில்தான்.

தோழியரே, ஒன்றை மறவாதீர்! மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் உயிரைப் பறித்துவிடும்.