பூச்சியைப் படமெடுக்கவும் சட்டம் உண்டு

புது தில்லி: வன உயிரினச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது அவையின் கவனம் புலியின் மீதும் யானையின் மீதும் குவிவது இயல்பு. 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் சென்று, 2022 டிசம்பரில் மாநிலங்களவையின் ஒப்புதலையும் பெற்ற வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதாவும் இதற்கு விலக்கல்ல. வளர்ப்பு யானைகளை இடம் மாற்றுவது பற்றிய பிரிவே பெரும் சர்ச்சைக்குள்ளானது. அதே மசோதாவில் இருந்த மற்றொரு சிறு வாசகம் அதிகம் பேசப்படவில்லை. கேமராவுடன் புதர்களுக்கிடையே மண்டியிட்டு, எறும்பையும் தட்டானையும் படமெடுப்போரைத் தொடும் வாசகம் அது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, எந்தெந்த நோக்கங்களுக்காகச் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வழங்கலாம் என்று பட்டியலிடுகிறது. அதில் முன்பு "புகைப்படம் எடுத்தல்" என்று மட்டுமே இருந்தது. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், திரைப்படம் எடுப்பதையும் சேர்த்து, வாழிடத்தில் மாற்றம் செய்யாமலும் வாழிடத்துக்கோ வன உயிரினத்துக்கோ தீங்கு விளையாமலும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்துள்ளது. "விலங்கு" என்ற சொல்லுக்கான விளக்கத்தில் முதுகெலும்பற்ற உயிரினங்களும் அவற்றின் முட்டைகளும் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

அசையாப் பூச்சியின் ரகசியம்

மேக்ரோ எனப்படும் நெருக்கப் புகைப்படக்கலையின் இயல்பே இந்த நிபந்தனையை முக்கியமாக்குகிறது. பூச்சியின் உருவத்தை உண்மை அளவிலேயே கேமராவின் உணர்திரையில் விழச் செய்யும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கண் தெளிந்தால் இறக்கை மங்கும். எனவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்து, கணினியில் ஒன்றாக இணைக்கின்றனர். அதுவரை பூச்சி அசையாதிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மையான வழி, குளிரில் பூச்சிகள் மரத்துக் கிடக்கும் விடியற்காலையில் காத்திருப்பது. குறுக்கு வழி, பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயங்கச் செய்வது. மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிவதும், கம்பளிப்புழுவை வேறு செடிக்கு மாற்றுவதும் இதே ரகம்தான்.

சட்டத்தின் பார்வையில் இவை விளையாட்டல்ல. அட்டவணையில் இடம்பெற்ற வண்ணத்துப்பூச்சியைப் பிடிப்பதே "வேட்டை" என்ற விளக்கத்துக்குள் வந்துவிடும். முதல் அட்டவணை உயிரினமானால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை, அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. நாட்டில் உள்ள பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவை அட்டவணையில் இல்லை என்பது உண்மையே. ஆனால், எது அட்டவணையில் உள்ளது என்பதைப் பார்த்தவுடன் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே.

டார்ஜிலிங் பாடம்

பூச்சிகளுக்காகவும் சிறைவாசம் உண்டு என்பதை 2008-இல் டார்ஜிலிங் உணர்த்தியது. சிங்கலிலா தேசியப் பூங்காப் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்ததாக செக் குடியரசைச் சேர்ந்த இருவர் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, ஒருவருக்கு அபராதமும் மற்றவருக்கு 3 ஆண்டு சிறையும் விதித்தது. அறிவியலாளர்களைத் துன்புறுத்துவதாக ஒரு தரப்பும், நாட்டின் உயிர்வளம் களவு போவதாக மறுதரப்பும் வாதிட்டன.

பூச்சியை எடுத்துச் செல்லாமல் படத்தை மட்டும் எடுத்துச் செல்லும் கேமரா, இந்த மோதலுக்கு ஒரு தீர்வாகத் தோன்றலாம். ஓரளவுக்குத்தான் அது உண்மை. மலேசியாவில் 2011-இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தை இணையத்தில் கண்ட அமெரிக்கப் பூச்சியியலாளர், அது அறியப்படாத கண்ணாடி இறக்கைப்பூச்சி என்று ஐயுற்றார். ஆனால், படமெடுத்தவர் மீண்டும் காட்டுக்குச் சென்று மாதிரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்த பிறகே, 2012-இல் அதற்கு "செமகிரைசா ஜேட்" என்ற பெயர் சூட்டப்பட்டது. நெருங்கிய இனங்களை வேறுபடுத்தும் உறுப்புகள் பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. படம் தடயம் தரும்; தீர்ப்பு ஆய்வகத்தில்தான்.

நிரப்ப வேண்டிய பக்கங்கள்

எனினும் தடயத்தின் மதிப்பு குறைவானதல்ல. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட பட்டியலில் 1,04,561 விலங்கினங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் பூச்சிகளே. இவை எங்கே வாழ்கின்றன, எங்கே மறைந்து வருகின்றன என்று கண்காணிக்க அரசு ஊழியர்களால் மட்டும் இயலாது.

2002-ஆம் ஆண்டு உயிரியப் பல்வகைமைச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். சென்னையில் இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் இதற்கு வழிகாட்டுகிறது. பதிவேட்டை 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்களுக்கு மாதம் ரூ.10 லட்சம் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எச்சரித்த பிறகே பணி வேகம் பிடித்தது. அவசரத்தில் எழுதப்பட்ட பதிவேடுகளின் தரம் குறித்துக் கேள்விகளும் எழுந்தன. இடமும் தேதியும் குறிக்கப்பட்ட நல்ல படங்கள் அந்தக் குறையை நீக்க உதவும்.

அதற்கு, எது தீங்கு, எது தீங்கல்ல என்பதை அனுமதி விதிகளில் எளிய மொழியில் விளக்க வேண்டியது மாநில அரசுகளின் கடமை. இலையைக் கிள்ளுவதும் தீங்கா, ஒளிவிளக்கு வீசுவதும் தீங்கா என்பது வாயிற்காவலரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. அவ்வாறு விடப்பட்டால், நேர்மையாகக் காத்திருப்பவர் வாயிலிலேயே தடுக்கப்படுவார். குளிர்பதனப் பெட்டிக்காரர் தம் படத்துக்குப் பாராட்டு பெறுவார். சட்டத்தின் நோக்கம் அதுவல்ல.