தகட்டின் முகமும் வண்ணத்தின் ஒளியும்

தமிழகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்திற்குள் நுழைவோரை முதலில் வரவேற்கும் ஊர் வாளையார். சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து செல்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1998 முதல் கார்கள் உருவாகி வருகின்றன. அத்தகைய புதிய கார்களைச் சுமந்துவரும் நீண்ட சரக்குந்துகளை இச்சாலையில் காணலாம்.

புதிய கார் ஒன்றின் கதவில் தெருவிளக்கின் பிம்பம் விழுகிறது என்று கொள்வோம். சில கதவுகளில் அப்பிம்பத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். சிலவற்றில் ஆரஞ்சுப் பழத்தோலில் பட்டதுபோல் நெளிந்து தெரியும். இக்குறை வண்ணம் பூசும் முறையால் நேரலாம். வண்ணத்திற்கு அடியிலுள்ள எஃகுத் தகட்டாலும் நேரலாம்.

எஃகுத் தகடு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும் அதன் முகத்தில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. கார்த் தகட்டில் இவற்றின் சராசரி அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. இச்சொரசொரப்பைத் தகட்டாலையில் வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். எஃகு மணிகளை வீசியோ மின்பொறிகளைச் செலுத்தியோ உருளைகளைச் சொரசொரப்பாக்குவர். அவ்வுருளைகளின் இடையே தகடு செல்லும்போது அவற்றின் முகம் தகட்டில் பதிகிறது.

வழவழப்பான தகடே சிறந்ததன்றோ? அன்று. தகட்டை அச்சில் அழுத்திக் கதவாக்கும்போது அந்நுண்பள்ளங்களே எண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. எண்ணெய் தங்காவிடில் தகடு அச்சில் உராய்ந்து கீறலுறும். சில வேளைகளில் கிழிந்தும் போகும்.

காரின் மேல் பூசப்படும் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தால் ஏறத்தாழ நூறு மைக்ரோமீட்டர் தடிப்பு வரும். ஒரு மைக்ரோமீட்டர்ப் பள்ளத்தை நூறு மைக்ரோமீட்டர் வண்ணம் மறைக்காதா என்னும் ஐயம் இங்கே எழும். விடை, பள்ளத்தின் ஆழத்தைவிட அகலத்தில் அடங்கியுள்ளது.

சேற்று வயலை எண்ணிப் பாருங்கள். அதில் பதிந்த கோழியின் காலடி சிறிது நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். ஆனால், வயலின் அகன்ற மேடு பள்ளம் பரம்படித்தாலன்றிச் சமமாகாது. ஈரமான வண்ணத்தின் இயல்பும் இத்தகையதே. பரப்பு இழுவிசை அதனைச் சமன்படுத்த முயல்கிறது. குறுகிய பள்ளத்தை நிரப்ப வண்ணம் சிறிது தொலைவே நகர்ந்தால் போதும். சில மில்லிமீட்டர் அகன்ற அலையைச் சமன்செய்ய நெடுந்தொலைவு நகர வேண்டும். அதற்குள் வண்ணம் உலர்ந்துவிடுகிறது. எனவே நுண்ணிய சொரசொரப்பு மறைகிறது; அகன்ற அலைவோ அடுக்கடுக்காகப் பூசிய பின்னும் மேலே தலைகாட்டுகிறது. சொரசொரப்பு வேண்டும், அலைவு கூடாது என்பதே தகட்டாலைகள் மேற்கொள்ளும் நெறி.

பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். நசுங்கிய இடத்தில் பட்டி பார்த்து, முரட்டு உப்புத்தாளால் மட்டும் தேய்த்துப் பூசினால், வண்ணம் உலர்ந்து சுருங்கும்போது கீறல்கள் வெளிப்படும். உயர்ந்த முனைகளில் பூச்சு மெலிதாகிவிடுவதால், பாலக்காட்டுப் பருவமழையில் துரு அங்கிருந்தே தொடங்கக்கூடும். ஆகவே முரட்டுத்தாளுக்குப் பின் நுண்தாளால் படிப்படியாகத் தேய்ப்பது இன்றியமையாதது.

இன்று சில தொழிற்சாலைகள் இடைப்பூச்சு அடுக்கு ஒன்றைத் தவிர்க்கின்றன. இதனால் வண்ணமும், அதனை உலர்த்தும் உலைக்குரிய எரிபொருளும் மிச்சமாகின்றன. ஆயினும் குறையை மறைக்க ஓர் அடுக்கு குறைவதால் தகட்டின் தரம் மேலும் உயர வேண்டியுள்ளது. வண்ணத்தின் ஒளி, வண்ணம் பூசுவதற்கு முன்பே தகட்டில் தொடங்கிவிடுகிறது.

சிந்தித்து எழுதுக:
1. தகட்டின் நுண்ணிய சொரசொரப்பு எவ்வகையில் பயன்படுகிறது?
2. அகன்ற அலைவை வண்ணத்தால் மறைக்க இயலாதது ஏன்?
3. உங்கள் வீட்டு இரும்புப் பீரோவில் குழல்விளக்கின் பிம்பம் நேராகத் தெரிகிறதா, நெளிந்து தெரிகிறதா? உற்றுநோக்கி, காரணத்துடன் எழுதுக.